குழிந்த முகம்

நவம்பர் 11, திங்கள்

விடிந்ததிலிருந்து தூறல். துவைத்த துணி எதுவும் காயவில்லை. காபி குடித்துக்கொண்டிருந்தபோது திருச்சி டாக்டரம்மாவின் டிரைவர் வந்து வரைய வேண்டிய பழங்காசைக் கொடுத்துவிட்டுப் போனார்.

டாக்டரம்மா பெயர் ரெஜினா, பல் டாக்டர். மற்றவர்கள் அழகான பழங்காசாகத் தேடிச் சேர்ப்பார்கள். இந்த அம்மா மட்டும் தப்பாக அச்சான காசுகளாகத் தேடுகிறார். காசைப் பெட்டகத்தில் பூட்டிவிட்டு, நான் வரைந்து கொடுக்கும் படத்தைக் கிளினிக் சுவரில் மாட்டிக்கொள்கிறார். கட்டைவிரல் நகம் அளவுக் காசைச் சாப்பாட்டுத் தட்டு அளவுக்குப் பெரிதாக்கி, கறுப்பு மையால் புள்ளி புள்ளியாக வரைவதுதான் என் பிழைப்பு. கோடே கிடையாது. புள்ளி நெருங்கினால் நிழல், விலகினால் வெளிச்சம்.

என் வீட்டுக்காரர் வீட்டில் இல்லை. தீபாவளிக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஆற்றுக்குப் போனவர் இன்னும் வரவில்லை. அமராவதியில் வெள்ளம் வடிந்தால் மணலில் பழங்காசு கிடைக்கும் என்று கரூரில் ஒரு கூட்டம் கிளம்பும், இவரும் அதில் ஒருவர். பைக் கரையில் நின்றிருந்தது. போலீசில் எழுதிக் கொடுத்தாகிவிட்டது. அந்த ஆற்றில் பிறந்து வளர்ந்தவருக்கு நான் ஒன்றும் சொல்லித்தர வேண்டியதில்லை. வந்துவிடுவார்.

பருப்பு தீர்ந்துவிட்டது. வாங்க வேண்டும்.

நவம்பர் 12, செவ்வாய்

காசை இன்றுதான் பிரித்தேன். ரோம் நாட்டு வெள்ளிக் காசு. ஒரு பக்கம் ராஜாவின் தலை, புடைப்பாக, வலப்பக்கம் பார்த்தபடி. திருப்பினால் அந்தப் பக்கமும் அதே தலை. ஆனால் இது உள்ளே குழிந்து, இடப்பக்கம் பார்க்கிறது. முன்னால் அடித்த காசு அச்சில் ஒட்டிக்கொண்டதை யாரும் கவனிக்கவில்லை. அதன் மேலேயே அடுத்த வெள்ளித் துண்டை வைத்து ஓங்கி அடித்துவிட்டார்கள். போன காசின் முகம் வந்த காசில் பள்ளமாகப் பதிந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கு வேண்டியது இந்தப் பள்ளமான பக்கம்தான்.

எங்கள் வேலையில் இரண்டு சட்டம். காசின் முகத்தைத் தொடக்கூடாது, விளிம்பில்தான் பிடிக்க வேண்டும். விரல் ஈரம் பட்டால் வெள்ளி கறுக்கும். வேலை கற்ற நாளிலிருந்து ஒரு காசின் முகத்தையும் நான் தொட்டதில்லை. இரண்டாவது, வெளிச்சம் இடது மேல் மூலையிலிருந்து விழ வேண்டும். படம் பார்க்கிறவர்கள் கண் அப்படித்தான் எதிர்பார்க்கும்.

விளக்கு வைப்பது அவர் வேலை. நான் உட்காருவதற்கு முன்பே மேசையைத் துடைத்து, காசைத் துணிமேல் வைத்து, விளக்கைச் சாய்த்து, "வா ராசாத்தி, உன் ராஜா ரெடி" என்பார். இன்று நானே வைத்தேன். இடது பக்கச் சுவர் ஈரம் குடித்துப் பிளக்கில் பொறி பறந்தது. விளக்கை வலது பக்கம் மாற்றிவிட்டேன். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடச் சோம்பல். அவர் வந்து பார்த்துக்கொள்ளட்டும்.

நவம்பர் 13, புதன்

கொழுந்தனார் வந்தார். பெயர் தெய்வசிகாமணி, பஸ் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறார். அண்ணன் என்றால் உயிர். வாசலிலேயே நின்றார், செருப்பைக் கழற்ற அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

"அண்ணி, ஆத்துல கீழ, மாயனூர் கதவணைல ஒருத்தரு ஒதுங்கியிருக்காராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டாந்துட்டாங்க. நான் போய்ப் பாத்தனுங்க."

"யாரோ பாவம்" என்றேன்.

அவர் போனை நீட்டினார். போலீஸ்காரர் எடுத்த போட்டோ. வாங்கிப் பார்த்தேன். பயப்படவெல்லாம் இல்லை. முகத்தைப் பார்ப்பதுதானே என் தொழில். தண்ணீரில் ஊறிய முகம், உப்பியிருந்தது. இன்னாரென்று சொல்லும்படி ஒன்றும் மிச்சமில்லை.

"காதப் பாருங்கண்ணி" என்றார் கொழுந்தனார். 

பார்த்தேன். என் வீட்டுக்காரருக்கு வலது காதின் மேல் விளிம்பில் ஒரு வெட்டு உண்டு, சின்ன வயதில் நாய் கடித்தது. போட்டோவிலும் வெட்டு இருக்கிறது. ஆனால் கொஞ்சம் கீழே தள்ளி இருக்கிறது. இரண்டு காசு ஒரே அச்சில் அடித்ததா என்று பார்ப்பது எனக்கு அன்றாட வேலை. முகம் அச்சு அசலாக இருக்கும், ஒரே ஒரு எழுத்து மட்டும் தள்ளி உட்கார்ந்திருக்கும். அப்படியிருந்தால் அச்சு வேறு. அவ்வளவுதான், அதற்குமேல் பேச்சே இல்லை. இது வேறு ஆள்.

அப்படியே சொன்னேன். கொழுந்தனார் போனைத் திருப்பி வாங்கிக்கொண்டார். மத்தியானம் ஸ்டேஷனுக்குப் போய், இது என் வீட்டுக்காரர் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போய் நேரில் பார்க்கிறீர்களா என்று கேட்டார் எஸ்.ஐ. யாரோ ஒருவரை நான் எதற்குப் பார்க்க வேண்டும்?

நவம்பர் 14, வியாழன்

வேலை ஓடவில்லை. இட்லிக்கு ஊறப்போட்ட அரிசியை மறந்துவிட்டேன், புளித்துப்போனது.

நவம்பர் 16, சனி

இன்று நன்றாக ஓடியது. கழுத்திலிருந்து தாடை வரை முடித்தேன்.

வாட்ச் ரிப்பேர்காரர்கள் செருகிக்கொள்ளும் லென்ஸ்தான் எனக்கும். ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டே இருந்தபோது பள்ளம் மெதுவாக எழும்பி வந்தது. மூக்கு வந்தது, நெற்றி வந்தது, உதடு வந்தது. எதிர்ப்பக்கம் இருக்கிற புடைப்பு முகத்தைவிட இது உயிரோடு இருந்தது. தலையைக் கொஞ்சம் நகர்த்தினேன். முகமும் என் பக்கம் திரும்பியது. இந்தப் பக்கம் நகர்ந்தேன், இந்தப் பக்கமும் வந்தது.

எழுந்து தண்ணீர் குடித்தேன்.  பயமில்லை. வீட்டில் இன்னொருவர் இருக்கிற மாதிரி இருந்தது. மறுபடி வந்து உட்கார்ந்து லென்ஸைச் செருகினேன். அது காத்துக்கொண்டிருந்தது.

நவம்பர் 18, திங்கள்

கன்னத்தில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தபோது தாளில் நிழல் விழுந்தது. அவர் பின்னால் வந்து நின்று எட்டிப் பார்க்கும்போது இப்படித்தான் விழும். எத்தனை தடவை சண்டை போட்டிருப்பேன். "கொஞ்சம் நகருங்க, மறைக்குது" என்றேன், தலை நிமிராமல். நிழல் நகர்ந்தது.

சொன்ன பிறகுதான் உறைத்தது. திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் மேகம்தான் விலகியது என்று தெரிந்துபோகும். அதைத் தெரிந்துகொண்டு என்ன ஆகப்போகிறது?

சமையலில் உப்பு அதிகம். இரண்டு பேருக்கு வைத்துவிட்டேன், மீதியைக் கீழ்வீட்டு நாய்க்குப் போட்டேன்.

நவம்பர் 20, புதன்

கொழுந்தனாரோடு சண்டை. இதுவரை என்னை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவர், இன்று கூடத்தில் நின்று கத்தினார்.

"அண்ணி, அவங்க ரொம்ப நாள் வெச்சிருக்க மாட்டாங்க. திங்கக்கெழம காலைல முனிசிபாலிட்டிக்காரங்க கொண்டுபோய் அனாதப் பொணமுன்னு பொதைச்சுருவாங்க. எங்கண்ணன் அனாதையா?"

"அது உங்கண்ணன் இல்லைங்க."

"நான் ரத்தம் குடுத்திருக்கறன், டெஸ்ட்டுக்கு. அது வர மாசக்கணக்குல ஆகுமாம். நான் ஆமாங்கறன், நீங்க இல்லீங்கறீங்க. பொண்டாட்டி இல்லைன்னு எழுதிக் குடுத்தப்புறம் தம்பி பேச்ச எவன் கேப்பான்? ஒருக்கா, ஒரே ஒருக்கா நேர்ல வந்து பாத்துருங்க. பாத்துட்டு இல்லைன்னா நானும் வாய மூடிக்கறனுங்க."

"உங்களுக்கு என்ன அவசரம்? அவருக்குக் கருமாதி பண்ணிப் பார்க்க அவ்வளவு ஆசையா?"

இதைச் சொல்லியிருக்கக் கூடாது. சொல்லிவிட்டேன். அவர் முகம் விழுந்துவிட்டது. சோபாவில் உட்கார்ந்து, அவ்வளவு பெரிய ஆள், கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். நான் அடுப்படிக்குப் போய்ப் பாத்திரம் தேய்த்தேன். தேய்த்ததையே மறுபடியும் தேய்த்தேன். வெளியே வந்தபோது அவர் போயிருந்தார்.

ஆளை மாற்றிப் புதைத்துவிட்டால் அந்தக் குடும்பம் எங்கே போய்த் தேடும்? அவர்களுக்காகத்தான் சொல்கிறேன். நான் சொன்னது சரி. காது வெட்டு கீழே இருந்தது.

நவம்பர் 22, வெள்ளி

படம் முடிந்தது. நான் வரைந்ததிலேயே இதுதான் உசத்தி. போனில் படம் எடுத்து டாக்டரம்மாவுக்கு அனுப்பினேன்.

பார்த்துவிட்டார், நீலக் குறி விழுந்தது.  சாயங்காலம் ஒரே வரி: ஞாயிற்றுக்கிழமை நேரில் வருகிறேன்.

நவம்பர் 23, சனி

மழை இல்லை. அவருடைய சட்டைகளை எடுத்து மாடியில் வெயில் காட்டினேன். பூஞ்சை பிடித்துவிடும். கீழ்வீட்டு அம்மா அதைப் பார்த்துவிட்டு என்னிடம் ஏதோ சொல்ல வந்தாள், சொல்லாமலே போய்விட்டாள். எல்லோரும் இப்படித்தான் ஆகிவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் பேச்சை முழுங்கிக்கொள்கிறார்கள்.

கொழுந்தனார் போன் செய்தார். நான் எடுக்கவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

 இன்று நடந்ததை நடந்தபடி எழுதிவிடுகிறேன்.

டாக்டரம்மா பகல் வெளிச்சத்தில் வந்தார். அறுபது வயதுக்கு நல்ல சுறுசுறுப்பு. உட்காரும்போதே, "சார் எங்கம்மா? போன்ல அவர்தானே எப்பவும் பேசுவார்?" என்றார்.

"வெளிய போயிருக்கார்" என்றேன்.

படத்தை வாங்கி மடியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார். "ருக்மணி, ரொம்ப நல்லா வரைஞ்சிருக்கீங்க. ஆனா இது என் காசு இல்லம்மா."

எனக்குச் சுர்ரென்று வந்தது. இத்தனை நாள் கண்ணைக் கரைத்து உட்கார்ந்திருக்கிறேன். "நான் பார்த்ததைத்தான் வரைஞ்சிருக்கேன். ஒரு புள்ளி கூட்டவும் இல்ல, குறைக்கவும் இல்ல."

"அதான் சொல்றேன். என் காசுல முகம் உள்ள போயிருக்கு. நீங்க வரைஞ்சது வெளிய நிக்குது. பள்ளம் எங்கம்மா?"

நான் படத்தைப் பிடுங்கிப் பார்த்தேன். புடைத்துத்தான் நின்றது. இத்தனை நாளும் அப்படித்தான் நின்றிருக்கிறது, நான் அதற்குச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன். பள்ளத்தை வரைகிறேன் என்று எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே மேட்டை வரைந்திருக்கிறேன்.

"லைட்ட எந்தப் பக்கம் வெச்சீங்க?"

மேசையைக் காட்டினேன். அவர் எழுந்துபோய்ப் பார்த்துத் தலையை ஆட்டினார். "வலப்பக்கமா வெச்சிருக்கீங்க. பள்ளத்துக்கு வலப்பக்கம் வெளிச்சம் குடுத்தா, மேட்டுக்கு இடப்பக்கம் வெளிச்சம் குடுத்த மாதிரியே நெழல் விழும். பாக்கிறவன் கண்ணு மேடுன்னு நெனச்சிக்கும். நாங்க பல்லுக்கு மோல்டு எடுக்கிறோம்ல, புதுப் பசங்க தெனம் ஏமாறுவாங்க. ஆனா நீங்களா? உங்களுக்கு எப்பவும் இது தப்பாதே."

"அவர்தான் எப்பவும் லைட் வைப்பார்" என்றேன். 

 டாக்டரம்மா மேசைமேலிருந்த காசுப் பெட்டியைத் திறந்து காசை எடுத்துப் பள்ளம் மேலே தெரியும்படி என் உள்ளங்கையில் வைத்தார். "கண்ண மூடிக்கிட்டுத் தொட்டுப் பாருங்க."

"முகத்தையா? கறுத்துப் போயிடும்ங்க."

"என் காசுதானே? போகட்டும். தொடுங்க."

கண்ணை மூடினேன். ஆள்காட்டி விரல் நுனியை வைத்தேன். நெற்றி இருக்க வேண்டிய இடத்தில் விரல் உள்ளே இறங்கியது. கன்னத்திலும் இறங்கியது. விளிம்பு விரலில் இடறியது, அதற்குள் ஒன்றுமே இல்லை. அவ்வளவு நாள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது, நான் நகர்ந்தால் கூடவே திரும்பியது, இந்த வீட்டில் எனக்குத் துணையாக இருந்தது, அங்கே இல்லை. ஒருவர் இருந்துவிட்டுப் போன பள்ளம்தான் இருந்தது.

அழுதேன். வீட்டுக்கு வந்த விருந்தாளி முன்னால் அழுகிறோம் என்றுகூட இல்லாமல் அழுதேன். டாக்டரம்மா என் கையிலிருந்து காசை எடுத்துப் பெட்டியில் வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். நானே சொன்னேன். ஆறு, பைக், மாயனூர், போட்டோ, திங்கட்கிழமை புதைக்கப்போவது எல்லாம். "அந்தப் போட்டோவைக் கால்மாட்டுல நின்னு எடுத்திருக்காங்க, டாக்டர். முகம் அண்ணாந்து கிடக்கு. அப்படி எடுத்தா காதுல இருக்கறது கீழ எறங்கினாப்லதான் தெரியும். அது எனக்குத் தெரியாதா? பார்த்த உடனே எனக்குத் தெரியும்."

"நாளைக்குக் காலைலதானே?" என்றார்.

"ஆமா."

அவரே என் போனை எடுத்து என் கையில் கொடுத்தார். கொழுந்தனார் ஒரே மணியில் எடுத்தார். "போலாமுங்க" என்றேன்.  "வெள்ளன வந்தர்றனுங்கண்ணி" என்றார்.

நவம்பர் 25, திங்கள்

கொழுந்தனார் விடிவதற்குள் வந்துவிட்டார். நான் குளித்துத் தயாராக இருந்தேன். புதன்கிழமை பேசியதற்கு மன்னிப்புக் கேட்க நினைத்து, "காபி குடிச்சீங்களா?" என்று கேட்டேன். "ஆச்சுங்கண்ணி" என்றார். குடிக்கவில்லை என்று தெரிந்தது. டம்ளரைக் கையில் கொடுத்தேன், வாங்கிக்கொண்டார்.

பிணவறை ஆஸ்பத்திரிக்குப் பின்னால் இருக்கிறது. ப்ளீச்சிங் பவுடர் வாசனை வாசலிலேயே முகத்தில் அடித்தது. முனிசிபாலிட்டி வண்டி எங்களுக்கு முன்பே வந்து நின்றிருந்தது. அதன் டிரைவர் பீடி குடித்துக்கொண்டிருந்தார், எங்களைப் பார்த்ததும் கீழே போட்டார். அன்று கையெழுத்து வாங்கிய அதே ஸ்டேஷனிலிருந்து ஏட்டு ஒருவர் வந்திருந்தார். என்னைப் பார்த்து, "நீங்கதானம்மா இல்லைன்னு எழுதிக் குடுத்தீங்க?" என்றார். "ஆமாங்க. தப்பா எழுதிட்டேன்" என்றேன்.

உள்ளே கூட்டிப்போனார்கள். கொழுந்தனார் என் முழங்கையைப் பிடித்திருந்தார். என்னைத் தாங்குகிறாரா, என்மேல் சாய்ந்திருக்கிறாரா என்று தெரியவில்லை. ஊழியர் துணியை விலக்கினார். முகத்தைப் பார்த்தேன். மறுபடியும் மனசு ஆரம்பித்தது: புருவம் இப்படி இல்லை, தாடை இப்படி இல்லை, யாரோ, யாரோ.

"காதைத் தொட்டுப் பார்க்கலாமுங்களா?" என்று கேட்டேன்.

ஊழியர் ஏட்டைப் பார்த்தார். ஏட்டு தலையசைத்தார். உறை மாட்டிக்கொள்ளச் சொன்னார்கள், மாட்டிக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன். வலது காதின் மேல் விளிம்பில் விரலை வைத்து நகர்த்தினேன். ஐஸ் போலிருந்தது. விரல் நின்ற இடம் சரியான இடம். கல்யாணமான புதிதில் அந்த வெட்டில் விரல் வைத்து, நாய் எந்தத் தெரு நாய் என்று கேட்டிருக்கிறேன். வெங்கமேட்டு நாய், அதுக்கப்புறம் எனக்கு ரொம்ப சிநேகிதம் என்று சிரித்தார்.

"இவர்தான்" என்றேன்.

பக்கத்தில் கொழுந்தனார், "அண்ணா" என்று ஒரு குரல் விட்டார். நான் கையை எடுக்கவில்லை. ஊழியர்தான் மெதுவாக எடுத்துவிட்டார்.

வெளியே மரத்தடியில் ஏட்டு எழுத உட்கார்ந்தார். இறந்தவருக்கு நீங்கள் யார் என்று கேட்டார். சம்சாரம் என்றேன். அவர் பெயர் என்ன என்று கேட்டார். கொழுந்தனார் சொல்ல வாயெடுத்தார். எங்கள் வீட்டுப் பெண்கள் புருஷன் பெயரைச் சொல்வதில்லை. கட்டிக்கொண்ட நாளிலிருந்து நானும் சொன்னதில்லை, எழுதியிருக்கிறேன், சொன்னதில்லை. பேங்கில், ரேஷன் கடையில், எங்கே கேட்டாலும் பக்கத்தில் நிற்கிறவர் சொல்லிவிடுவார். பெரும்பாலும் அவரே நின்றிருப்பார்.

கொழுந்தனாரைக் கையமர்த்திவிட்டு நான் சொன்னேன். "நாச்சிமுத்து."

வண்டியை ஓரமாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தத்தில் ஏட்டுக்குக் காதில் விழவில்லை. "கொஞ்சம் சத்தமாச் சொல்லுங்கம்மா" என்றார்.

சொன்னேன்.